அப்பச்சி சம்மதிக்காவிட்டால் என் கல்யாணம் செல்லாதா?

காரைக்குடிக்குப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து 26 வயதுப் பெண் ஒருவர் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

நகரத்தார் குடும்பம். எம்.காம். முடித்துச் சென்னையில் வேலை பார்த்தவர். கூட வேலை பார்க்கும் 28 வயது இளைஞரை விரும்புகிறார். இருவரும் இந்துக்கள், சாதி வேறு. அப்பத்தாவுக்கு உடம்பு முடியவில்லை என்று ஊருக்கு வரச் சொன்னார்கள். வந்த மறுநாளே கைபேசி அண்ணன் கைக்குப் போய்விட்டது. சான்றிதழ்களும் ஆதாரும் இரும்புப் பெட்டிக்குள். சாவி அப்பச்சியின் (அப்பாவின்) மடியில். கோவிலுக்குப் போனாலும் அண்ணன் கூடவே வருகிறார். உறவில் ஒரு மாப்பிள்ளை பார்த்து, ஆவணியில் பேசி முடிக்க ஏற்பாடு நடக்கிறது. "நீ அவனைக் கட்டினா கோவிலில் நம்ம புள்ளியை எடுத்துடுவாக, அண்ணனுக்கு யாரு பொண்ணு குடுப்பா?" என்று ஆத்தா (அம்மா) அழுகிறார். புள்ளி என்பது நகரத்தார் கோவில் கணக்கில் ஒரு குடும்பத்துக்கு உள்ள இடம். அப்பச்சியோ ஒரு பத்திரத்தை எழுதி வைத்துக்கொண்டு, "பெரிய வீட்டிலும் மத்த சொத்திலும் பங்கு வேண்டாம்னு கையெழுத்துப் போட்டுட்டு எங்கே வேணும்னாலும் போ" என்கிறார்.

உறவுக்காரப் பெண் ஒருத்தியின் போனிலிருந்து எழுதிய கடிதத்தில் அவர் கேட்பவை இவை: திருமணம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதே, அப்பச்சி மீது நேராக அங்கேயே வழக்குப் போடலாமா? போனைப் பிடுங்கியது அந்தரங்க உரிமை மீறல்தானே? வக்கீல் அலுவலகத்தில் மாலை மாற்றிச் சான்றிதழ் வாங்கினால் போதுமா? கேட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் நிம்மதி கிடைக்குமா?

அன்புத் தங்கைக்கு,

தலைப்பில் உள்ள கேள்வியை உங்கள் கடிதத்திலிருந்துதான் எடுத்தேன். பதில்: செல்லும். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். வேறு வாழ்க்கைத் துணை உயிரோடு இருக்கக் கூடாது. விலக்கப்பட்ட உறவுமுறையாக இருக்கக் கூடாது. இந்து திருமணச் சட்டம் இப்படிச் சில நிபந்தனைகளை வைக்கிறது. பெற்றோர் சம்மதம் அவற்றில் இல்லை.

உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது ஒன்று கண்ணில் பட்டது. "அவர் விசாரித்தார்", "அவர் சொன்னார்", "அவருடைய நண்பர் வக்கீல்" என்று திரும்பத் திரும்ப வருகிறது. அவர் நல்ல மனிதராகவே இருக்கட்டும். ஆனால் இந்த மாதிரி வழக்குகளில் நீதிமன்றம் கடைசியில் கேட்பது ஒரே ஒருவருடைய வாய்ச்சொல்லைத்தான். அது உங்களுடையது. அப்பச்சியும் அண்ணனும் அவரும் என்ன சொல்கிறார்கள் என்பது அப்புறம். கீழே நான் சொல்லும் தீர்ப்புகளைப் படிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தீர்ப்புகள் உண்மையில் என்ன சொல்கின்றன

அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு உயிருக்கும் உடல் சுதந்திரத்துக்கும் பாதுகாப்புத் தருகிறது. 1950இல் சென்னை அரசுக்கு எதிரான ஏ.கே. கோபாலன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை மிகக் குறுக்கித்தான் படித்தது: முறையாக இயற்றிய சட்டம் ஒன்று இருந்தால் போதும், அது நியாயமானதா என்று இந்தப் பிரிவைக் காட்டிக் கேட்க முடியாது. பாஸ்போர்ட்டை முடக்கியதை எதிர்த்து மேனகா காந்தி தொடுத்த வழக்கில், 1978இல், நடைமுறை நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்று அந்தப் பார்வை மாறியது. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். யாரோடு குடும்பம் நடத்துவது என்ற முடிவும் அந்த அந்தரங்கத்துக்குள் வருகிறது.

உங்களுக்கு நேரடியாகப் பொருந்துவது 2006ஆம் ஆண்டின் லதா சிங் வழக்கு. உத்தரப் பிரதேசப் பெண்; வேறு சாதிக்காரரை மணந்ததற்காகச் சகோதரர்கள் கணவர் வீட்டார் மீது பொய் வழக்குப் போட்டார்கள். வழக்கை ரத்து செய்த நீதிமன்றம், வயது வந்தவர் யாரை வேண்டுமானாலும் மணக்கலாம் என்றது. பெற்றோருக்குப் பிடிக்கவில்லை என்றால் அதிகபட்சம் உறவை முறித்துக்கொள்ளலாம். மிரட்டவோ அடிக்கவோ தொல்லை தரவோ முடியாது. இந்தக் கோட்டைக் கவனியுங்கள். உங்களோடு பேசாமல் இருக்க அப்பச்சிக்கு உரிமை உண்டு. உங்களைப் பூட்டி வைக்க உரிமை இல்லை.

கேரளத்தில் இஸ்லாத்துக்கு மாறி மணந்த ஹாதியா என்ற பெண்ணின் வழக்கை நீங்களே குறிப்பிட்டிருக்கிறீர்கள், ஆனால் பாதிதான் தெரிந்திருக்கிறது. கேரள உயர் நீதிமன்றம் 2017 மே மாதம் அவருடைய திருமணத்தை ரத்து செய்து, வயது வந்த அந்தப் பெண்ணைத் தகப்பனார் வீட்டுக்கு அனுப்பியது. கணவர் உச்ச நீதிமன்றம் போனார். அதே ஆண்டு நவம்பர் 27 அன்று ஹாதியாவை நேரில் வரவழைத்தார்கள். என்ன வேண்டும் என்று கேட்டபோது சுதந்திரம் வேண்டும் என்றார். அன்றைக்கே அவரைக் கணவரோடு அனுப்பிவிடவில்லை; படிப்பை முடிக்கச் சேலத்துக் கல்லூரிக்கு அனுப்பினார்கள். திருமணம் செல்லும் என்று உத்தரவு வந்தது 2018 மார்ச் 8 அன்று. அவர் தந்தையின் பிடியிலிருந்து வெளியே வந்தது அவருடைய வாயிலிருந்து வந்த தெளிவான பதிலால்தான். அதற்கு மாதங்கள் ஆனதையும் மறக்க வேண்டாம்.

அதே மார்ச் 27 அன்று சக்தி வாகினி வழக்கில், வயது வந்த இருவர் மணக்க முடிவு செய்தால் குடும்பத்தின் சம்மதமோ சமூகத்தின் சம்மதமோ தேவையில்லை என்று தீர்ப்பு வந்தது. மாவட்டந்தோறும் காவல் கண்காணிப்பாளர், சமூக நல அலுவலர், ஆதிதிராவிடர் நல அலுவலர் அடங்கிய சிறப்புப் பிரிவு இருக்க வேண்டும் என்றும் அதில் உத்தரவு. நம் சென்னை உயர் நீதிமன்றம் 2016இலேயே அப்படி ஒரு பிரிவை அமைக்கச் சொல்லியிருந்தது.

இனி ஒரு திருத்தம். "திருமணம் அடிப்படை உரிமை" என்று மொத்தமாகச் சொல்லிவிட முடியாது. தன்பால் இணையர் வழக்கில், 2023 அக்டோபர் 17 தீர்ப்பில், நிபந்தனையற்ற அடிப்படை உரிமையாகத் திருமணம் இல்லை என்றுதான் ஐந்து நீதிபதி அமர்வு சொன்னது. எனக்கு அந்தத் தீர்ப்பில் வருத்தம் உண்டு. ஆனாலும் சட்டம் இன்று அப்படித்தான் இருக்கிறது. உங்கள் நிலை வேறு. நீங்கள் இருவரும் மணக்கச் சட்டத்தில் ஏற்கெனவே இடம் இருக்கிறது. அந்த இடத்தில் யாரைத் தேர்ந்தெடுப்பது என்ற சுதந்திரத்தைத்தான் மேலே சொன்ன தீர்ப்புகள் காப்பாற்றுகின்றன.

வீட்டுக்குள் நடப்பதற்கு எந்த வழி

அடிப்படை உரிமைகள் பெரும்பாலும் அரசை நோக்கி எழுதப்பட்டவை. 19, 21ஆம் பிரிவுகளைத் தனியார் மீதும் நிலைநாட்டலாம் என்று 2023 ஜனவரியில் கௌஷல் கிஷோர் வழக்கில் பெரும்பான்மை நீதிபதிகள் சொல்லியிருக்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு, போனைப் பிடுங்கிய அண்ணன் மீது அந்தரங்க உரிமை வழக்குப் போடுவது சுற்றுவழி. லதா சிங் நேராக உச்ச நீதிமன்றம் போனவர்தான். உங்களுக்குக் காரைக்குடியும் மதுரையுமே போதும்.

குடும்ப வன்முறைச் சட்டம் கணவன் மனைவிக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். மகளுக்கும் உண்டு. 2006ஆம் ஆண்டு விதிகளில் உள்ள புகார்ப் படிவத்தில், விருப்பமில்லாத திருமணத்துக்கு வற்புறுத்துவதும், விரும்பியவரை மணக்கவிடாமல் தடுப்பதும் வன்முறைப் பட்டியலில் அச்சாகவே இருக்கின்றன. இந்தச் சட்டத்தில் நீதித்துறை நடுவர் பாதுகாப்பு ஆணை தரலாம். சான்றிதழ்களையும் உங்கள் பொருட்களையும் திருப்பிக் கொடுக்கச் சொல்லலாம். நீங்கள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலும் மனு கொடுக்கலாம் என்பது உங்களுக்கு முக்கியம். வீட்டை விட்டு வெளியே விடாமல் அடைத்து வைப்பது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சம்ஹிதையின் 127ஆம் பிரிவின்படி குற்றம்.

வெளியே வரவே முடியாத நிலை வந்தால் ஆட்கொணர்வு மனு. அரசு காவலில் இருப்பவர்களுக்கு மட்டும் உரியதல்ல அது. தனியார் வீட்டில் அடைத்து வைத்தாலும் போடலாம். உங்களுக்காக ஒரு தோழி போடலாம், நீங்கள் விரும்புகிறவரும் போடலாம். சிவகங்கை மாவட்டத்துக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. போலீசார் உங்களை அழைத்துவந்து நீதிபதிகள் முன் நிறுத்துவார்கள். கூடம் நிறைய வக்கீல்கள், ஒரு பக்கம் ஆத்தாவும் அப்பச்சியும் கண்ணீரோடு நிற்பார்கள். சில சமயம் நீதிபதிகள் எல்லோரையும் விலக்கிவிட்டுத் தனி அறையில் பேசுவார்கள். வயது என்ன, யாராவது மிரட்டுகிறார்களா, எங்கே போக விரும்புகிறாய் என்று கேட்பார்கள். அத்தனை நாள் உறுதியாக இருந்த பெண்கள் ஆத்தாவின் முகத்தைப் பார்த்ததும் "வீட்டுக்கே போறேன்" என்று சொல்லிவிடுவது உண்டு. சொன்னால் மனு அத்தோடு முடிந்தது. அது உண்மையான விருப்பமாக இருந்தால் அதிலும் தவறில்லை. எந்தப் பதிலானாலும் உங்களுடையதாக இருக்கட்டும்.

அவரோடுதான் போக வேண்டும் என்றும் இல்லை. தோழி வீட்டுக்கு, மகளிர் விடுதிக்கு, பழைய வேலைக்குப் போகிறேன் என்று சொல்லலாம். கல்யாணத்தை ஆறு மாதம் கழித்து நிதானமாக யோசிக்கலாம். பூட்டிய வீட்டிலிருந்து வெளியேறுவதும் திருமணம் செய்துகொள்வதும் இரண்டு தனித்தனி முடிவுகள். முடிந்தால் ஒரே நாளில் எடுக்காதீர்கள்.

நீங்கள் வெளியேறினால் "காணவில்லை" என்று புகார் போகும். நகையோடு ஓடிவிட்டாள் என்றும் சேர்த்து எழுதுவார்கள். அதனால் வழக்கமாக அணிவதைத் தவிர எதையும் எடுக்காதீர்கள், உங்களுக்கென்று செய்த நகையாக இருந்தாலும் சரி. அதைப் பிறகு கேட்டு வாங்கலாம். காவல் நிலையத்துக்கு வந்தே ஆக வேண்டும் என்று மிரட்டினால், 2021 பிப்ரவரியின் லட்சுமிபாய் சந்தரகி வழக்கைச் சொல்லுங்கள். தன் விருப்பப்படி மணந்த பெண்ணை நிலையத்துக்கு வரச் சொல்லி நெருக்கிய விசாரணை அதிகாரியை அதில் உச்ச நீதிமன்றம் கண்டித்தது.

கையெழுத்துக் கேட்கும் பத்திரம்

உங்கள் கடிதத்திலேயே என்னை அதிகம் கவலைப்பட வைத்தது இதுதான். தயவுசெய்து போடாதீர்கள். வெற்றுப் பத்திரத்தாளிலும் வேண்டாம்.

வேறு சாதியில் மணந்தால் மகளுக்குச் சொத்துரிமை போய்விடும் என்பது தவறு. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பிறப்பால் பங்கு உண்டு. தமிழ்நாட்டில் 1989இலேயே அதற்குச் சட்டத் திருத்தம் வந்தது. நாடு முழுக்க 2005இல் வந்தது. அது அமலுக்கு வந்த 2005 செப்டம்பர் 9 அன்று தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தையும் 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா தீர்ப்பு தீர்த்து வைத்தது: பிறப்பால் வந்த உரிமைக்கு அந்த நிபந்தனை இல்லை. சீர் செய்து அனுப்பினால் பங்கு தீர்ந்தது என்ற பேச்சுக்கும் சட்டத்தில் இடம் இல்லை.

ஆனால் பெரிய வீடு என்பதாலேயே அது கூட்டுக் குடும்பச் சொத்து ஆகிவிடாது. வளவை (நடு முற்றத்தை) சுற்றி உள்ள இரட்டை வீடுகளில் (அறை ஜோடிகளில்) ஒன்றுதான் அப்பச்சியுடையது, மற்றவை பங்காளிகளுக்கு, பாட்டையா பர்மாவில் சம்பாதித்துக் கட்டியது என்று எழுதியிருக்கிறீர்கள். பாட்டையா காலமானது இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த 1956 ஜூன் 17க்கு முன்பா பின்பா, உயில் எழுதினாரா, பங்காளிகளுக்குள் 2004 டிசம்பர் 20க்கு முன்பே பதிவான பாகப்பிரிவினை உண்டா என்று பார்த்தால்தான் உங்கள் பங்கு எவ்வளவு, இப்போதே உண்டா என்று சொல்ல முடியும். அப்பச்சி தானே சம்பாதித்த சொத்தை யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம், உங்களை விட்டுவிட்டும் எழுதலாம். உயில் இல்லாமல் போனால் நீங்களும் ஆத்தாவும் அண்ணனும், அப்போது உயிரோடு இருந்தால் அப்பத்தாவும், சம வாரிசுகள்.

"சொத்து வேண்டாம், நிம்மதி போதும்" என்கிறீர்கள். மனசு புரிகிறது. ஆனால் விடுதலைப் பத்திரம் (பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) பதிவான பிறகு, மிரட்டி வாங்கினார்கள் என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் ஏறும். மூன்று வருடத்துக்குள் வழக்கும் போட வேண்டும். அண்ணனுக்கே கொடுக்க வேண்டும் என்று தோன்றினால், சுதந்திரமாக வாழும் நாளில் போய் எழுதிக் கொடுங்கள்; யாரும் தடுக்கப் போவதில்லை. சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டே போய்விட்டால், விருப்பத்தோடு எழுதிக் கொடுக்கவில்லை, இதை மறுக்கிறேன் என்று சார்பதிவாளரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். எழுதிக் கொடுத்ததை நீங்கள் மறுத்தால் அவர் பதிவு செய்யக் கூடாது.

திருமணமும் பதிவும்

வக்கீல் கொடுக்கும் சான்றிதழ் பதிவு ஆகாது. தமிழ்நாட்டில் இந்து திருமணச் சட்டத்தின் 7-ஏ பிரிவு சுயமரியாதைத் திருமணத்தை ஏற்கிறது: உறவினர், நண்பர்கள் முன்னிலையில் ஒருவரை ஒருவர் ஏற்பதாகச் சொல்லி, மாலையோ மோதிரமோ மாற்றினால், அல்லது தாலி கட்டினால் போதும். ஊரறிய அறிவிக்க வேண்டியதில்லை என்றும், வக்கீல்கள் நண்பராகவோ உறவினராகவோ முன்னின்று நடத்துவதில் தவறில்லை என்றும் 2023 ஆகஸ்டில் இளவரசன் வழக்கில் தீர்ப்பு வந்திருக்கிறது. அதன்பின் 90 நாட்களுக்குள் சார்பதிவாளரிடம் பதியுங்கள். வயதுச் சான்று, முகவரிச் சான்று, சாட்சிகள் வேண்டும். சிறப்புத் திருமணச் சட்டத்தில் 30 நாள் அறிவிப்பு ஒட்டுவார்கள். காரைக்குடியில் ஒட்டினால் அன்று மாலையே வீட்டுக்குச் செய்தி வந்துவிடும். உங்களுக்கு அது சரிப்படாது.

புள்ளி பற்றிய பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆத்தாவின் அழுகையில் நடிப்பு இல்லை என்று உங்களுக்கே தெரியும். கோவில் வழக்கத்தை மாற்றி ஆணை வாங்கித் தருகிறேன் என்று நான் சொன்னால் அது பொய்யாகும். மதப் பிரிவுகள் தங்கள் காரியங்களை நடத்திக்கொள்ள அரசியலமைப்பே உரிமை தருகிறது. 1962இல் தாவூதி போரா வழக்கில், சமூக விலக்கத்தைத் தடுத்த பம்பாய்ச் சட்டத்தையே உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அந்தக் கேள்வி இப்போது ஒன்பது நீதிபதி அமர்வுக்கு அனுப்பப்பட்டிருக்கிறது. அண்ணன் கல்யாணத்துக்குச் சங்கடம் வரலாம். அதை அறிந்தே முடிவெடுங்கள். அதற்காக விருப்பமில்லாத ஒருவரோடு வாழ்நாள் முழுக்க இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் உங்களைக் கேட்கவில்லை. பெரியவர்களைக் கூட்டி வைத்துப் பஞ்சாயத்துப் பேசி மிரட்டினால் அது வேறு விஷயம்: அப்படிப்பட்ட கட்டப் பஞ்சாயத்துகள் முழுக்கச் சட்டவிரோதம் என்று 2011இல், நம் தமிழ்நாட்டிலிருந்தே போன ஆறுமுகம் சேர்வை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் அம்மானோ பெரியாத்தாவோ, உங்கள் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கும் ஒருவர் இருந்தால் அவரை வைத்து அப்பச்சியிடம் இன்னொரு முறை பேசிப் பாருங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஒரு வெள்ளைத் தாளில் உங்கள் கையாலேயே எழுதுங்கள்: பெயர், பிறந்த தேதி, முகவரி, இப்போது பேசப்படும் சம்பந்தத்தில் சம்மதம் இல்லை, போனும் சான்றிதழ்களும் என்னிடம் இல்லை, வெளியே போக விடுவதில்லை, எந்தப் பத்திரத்திலும் மனமுவந்து கையெழுத்திடவில்லை, இட மாட்டேன், யாருடைய தூண்டுதலும் இல்லாமல் இதை எழுதுகிறேன். தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். யாரை மணக்கப் போகிறேன் என்று எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. அதைப் படம் எடுத்து, அசலை அந்த உறவுக்காரப் பெண்ணிடம் கொடுத்து, சிவகங்கை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கும் பதிவுத் தபாலில் பிரதிகள் போகும்படி செய்யுங்கள். ரசீதை அவளே வைத்திருக்கட்டும், வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம்.

வக்கீல் வைக்கக் காசில்லை என்று கவலைப்படாதீர்கள். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு; 15100 என்ற எண்ணிலோ மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலோ கேட்கலாம். பேசி முடிக்கும் நாளை முன்னே இழுத்தாலோ, யாராவது கை ஓங்கினாலோ கடிதம் எழுதிக்கொண்டிருக்காமல் உடனே 181க்கோ 112க்கோ அழையுங்கள். எந்த வீடு, எந்தத் தெரு என்று அடையாளம் சொல்லி வர வைப்பதற்கு ஏதாவது ஒரு போன் ஒரு நிமிடம் கிடைத்தால் போதும்.